ஸ்டெல்லா வீட்டுக் குட்டையில் பூத்த கொட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பயணம் பொறாமையில் கிளம்பியது. வழக்கமாக என் பதிவுகளில் பள்ளி விடுமுறை, மழை நின்ற நாள், பூக்கும் பருவம் என்று ஏதாவது கௌரவமான காரணம் இருக்கும். இந்தத் தடவை அப்படி எதுவும் இல்லை. என்னோடு எம்.எஸ்ஸி. தாவரவியல் படித்த ஸ்டெல்லாவிடம் ஒரு செடி இருக்கிறது, அது என்னிடம் இல்லை, அதைப் பார்த்தே தீர வேண்டும் என்று டிசம்பர் 27, சனிக்கிழமை காலை கிளம்பினேன்.

ஸ்டெல்லாவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். எங்கள் வகுப்பில் தங்கப் பதக்கம் வாங்கியவள் நான். செடிகளை இனம்பிரித்துப் பெயர் சொல்லும் வகைப்பாட்டியல் தாளில் இரண்டு தடவை அரியர் வைத்தவள் அவள். அவளுடைய உலர்செடித் தாள்களில் பாதிக்கு நான்தான் பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறேன். படிப்பு முடிந்ததும் நான் தஞ்சாவூரில் மேல்நிலைப் பள்ளித் தாவரவியல் ஆசிரியை ஆனேன். விடுமுறை நாட்களில் செடி தேடிப் போய் இந்த வலைப்பதிவில் எழுதுகிறேன். அவள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, கணவர் மஸ்கட்டில் இருக்க, பன்னிரண்டு மா நிலத்தை, அதாவது நாலு ஏக்கரை, தனியாகப் பார்த்துக்கொள்கிறாள். செடிகளோடு அவளுக்கு இருக்கும் ஒரே உறவு நெல் என்றுதான் நினைத்திருந்தேன்.

நவம்பர் கடைசியில் எங்கள் வகுப்பு வாட்ஸப் குழுவில் ஒருத்தி செய்தி போட்டாள். ஏதோ ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து இரண்டு பேர் ஸ்டெல்லா வீட்டுக்கு வந்து, முழங்கால் சேற்றில் இறங்கி, ஒரு கொட்டியைப் பார்த்துவிட்டுப் போனார்களாம். அழிவின் விளிம்பில் இருக்கும் வகையாம். இந்தப் பக்கத்தில் இப்போது வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லையாம். குழுவில் ஆளாளுக்குக் கைதட்டல் படம் போட்டார்கள். நானும் ஒன்று போட்டுவிட்டு, போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். காதில் புகை வராத குறை.

கொட்டி தெரியாதவர்களுக்கு: குளத்தில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் இலைவிட்டுப் பூத்து, தண்ணீர் வற்றியதும் சேற்றுக்குள் கிழங்காகக் கிடக்கும் செடி. கிழங்கை அவித்துத் தின்பவர்களும் உண்டு. அதில் பல வகை. ஸ்டெல்லாவிடம் இருப்பதும், ஓரளவு சாதாரணமாகக் கிடைக்கும் இன்னொரு வகையும் வெளியிலிருந்து பார்த்தால் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டுக்கும் தண்ணீருக்குள் நெளிநெளியாக நீள இலை, மேலே வெள்ளைக் கதிர். காயைப் பிளந்து, விதைக்குள் இருக்கும் முளையை லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அரிய வகையில் முளையைச் சுற்றி இழை இழையாக இருக்கும். அதன் அறிவியல் பெயரை எழுத மாட்டேன். மீன்தொட்டி அலங்காரத்துக்கு இந்த நெளி இலை என்றால் பறந்தடித்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பெயரைப் போட்டால் வேலை சுலபமாகிவிடும்.

என் ஆசை மிக எளிமையானது. பூவைப் பார்க்க வேண்டும், ஒரு காயைப் பிளக்க வேண்டும், நல்லதாகப் பத்துப் படம் எடுக்க வேண்டும், தமிழில் அதைப் பற்றி முதலில் எழுதியவள் நானாக இருக்க வேண்டும். ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். வரச் சொன்னாள். ஊர் பெயரை எழுதக் கூடாது, போனில் இடம் காட்டும் வசதியை அணைத்துவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை போட்டாள். எனக்கே நிபந்தனையா என்று சுருக்கென்றது. ஆனாலும் சரி என்றேன்.

தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் காலை 6.10-க்கு மன்னார்குடி பேருந்து. தூரம் 37 கிலோமீட்டர், கட்டணம் 30 ரூபாய், போய்ச் சேர்ந்தபோது மணி 7.25. நிலையத்துக்கு எதிர்வரிசையில் பொங்கல் வடை 55 ரூபாய், காப்பி 20. பொங்கலில் மிளகு தாராளம், முந்திரியைத்தான் தேட வேண்டியிருந்தது. 7.50-க்குத் திருத்துறைப்பூண்டி பேருந்து. 28 கிலோமீட்டருக்கு 23 ரூபாய், ஒரு மணி நேரம். சன்னலோரம் வேண்டுமென்றால் இடப்பக்கம் உட்காருங்கள், காலை வெயில் அந்தப் பக்கம்தான் அடிக்கும், ஆனாலும் வாய்க்கால்கள் அங்கேதான் அதிகம். வழி நெடுக சம்பா கதிர் தள்ளி நின்றது. முந்தின வாரம் பெய்த மழையில் சில வயல்கள் படுத்திருந்தன. ஒவ்வொரு குளத்தையும் கண்ணால் துழாவிக்கொண்டே போனேன். ஆகாயத்தாமரை, கோரை, அல்லி. கொட்டி கண்ணில் படவில்லை.

திருத்துறைப்பூண்டியிலிருந்து நகரப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. இறங்கும் இடத்தைச் சொல்ல முடியாது, மன்னிக்கவும். ஒன்பது வருடமாக இந்த வலைப்பதிவில் பேருந்து எண், இறங்க வேண்டிய மரம், அங்கிருந்து எத்தனை அடி என்பது வரை எழுதியவள் நான். இந்தப் பத்தியை இப்படி முடிப்பது எனக்கே புதிதாக இருக்கிறது.

ஸ்டெல்லா நிறுத்தத்தில் டிவிஎஸ் வண்டியோடு நின்றாள். இருபத்திரண்டு வருடத்தில் நான் இரண்டு சுற்றுப் பெருத்திருக்கிறேன், அவள் அப்படியே இருக்கிறாள். அதுவும் பிடிக்கவில்லை. வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் தொங்கியது. முறுக்கும் கல்கல்லும் தட்டில் வந்தன. நான் இரண்டு வாய் தின்றுவிட்டு, குட்டை எங்கே என்று கேட்டேன்.

வீட்டுக் கொல்லைக்குப் பின்னால், வயலுக்குத் தண்ணீர் போகும் சின்ன வாய்க்காலை ஒட்டி, பதினைந்து அடிக்கு இருபது அடி இருக்கும் ஒரு குட்டை. நான் மனதில் பெரிதாக ஏதோ நினைத்திருந்தேன். இது ஒரு சாதாரணக் குட்டை. ஆனால் தண்ணீர் தெளிந்து கிடந்தது. அடியில் நெளி இலைகள் மெல்ல அசைந்தன. மேலே ஐம்பது அறுபது வெள்ளைக் கதிர்கள் ஒரு விரல் உயரத்துக்கு நின்றன. தேனீ சுற்றிக்கொண்டிருந்தது. நான் கரையில் குந்தி உட்கார்ந்துவிட்டேன். அழகாக இருந்தது. அது என் கொல்லையில் இல்லாமல் அரியர் வைத்தவள் கொல்லையில் இருக்கிறதே என்று அடுத்த நொடியே தோன்றியது. இரண்டையும் உள்ளபடி எழுதுகிறேன்.

அவள் இதைக் காப்பாற்றும் விதம் எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. பங்குனியில் குட்டை வற்றும். அதற்கு முன்பே அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மந்தை இறங்கிவிடும். வாத்துக்கு இந்தக் கிழங்கு என்றால் உயிர், தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்ததும் குட்டைக்கு வந்து அலகால் துழாவி ஒன்று விடாமல் எடுத்துவிடும். அதற்குப் பிறகு சித்திரையில் வாய்க்கால் தூர் வார ஜேசிபி வரும். அடிமண்ணோடு சேர்த்து அள்ளிக் கரையில் போட்டால் கிழங்கு வெயிலில் காய்ந்து சுக்காகிவிடும். அதனால் தண்ணீர் வற்றிய முதல் வாரத்திலேயே ஸ்டெல்லா மண்வெட்டியோடு இறங்கி, குட்டையிலும் வாய்க்காலிலும் மேல்சேற்றை ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி, சிமென்ட் சாக்குகளில் கட்டி, மாட்டுக் கொட்டகை நிழலில் அடுக்கிவிடுவாள். கிழங்கைத் தனியாகப் பொறுக்குவதே இல்லை. சேற்றுக்குள் என்னென்ன விதை கிடக்கிறதோ நமக்குத் தெரியாது, எல்லாமே இருக்கட்டும் என்பாள். மேட்டூர் திறந்து, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர ஆடி ஆகிவிடும். அப்போது சாக்கைப் பிரித்து, எந்த இடத்துச் சேறோ அந்த இடத்திலேயே கொட்டுவாள். சாக்கின் வாயில் ‘குட்டை கிழக்கு’, ‘வாய்க்கால் மதகு’ என்று பெயின்டில் எழுதி வைத்திருக்கிறாள். போன வருடம் முப்பத்தொரு சாக்கு. நடவு ஆட்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறதாம்.

நான் தங்கப் பதக்கத்தை வைத்துக்கொண்டு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அழியும் தாவரங்கள் பாடத்தை வருடாவருடம் ஐந்து மதிப்பெண் வினாவாக நடத்துகிறேன். அவள் முப்பத்தொரு சாக்குச் சேறு சுமக்கிறாள்.

நாங்கள் கரையில் நின்றபோது வாய்க்கால் மேட்டில் ஒரு பெரியவர் சைக்கிளில் வந்தார். காலை ஊன்றி நின்று, என்னம்மா பூத்திருக்கு என்று கேட்டார். ஸ்டெல்லா திரும்பிக்கூடப் பார்க்காமல், “இங்க ஒண்ணும் இல்லீங்க, வெறும் களைதான். அறுப்பு முடிஞ்சதும் மருந்தடிக்கணும்,” என்றாள். அவர் போய்விட்டார். கண் இமைக்காமல் பொய் சொல்கிறாயே என்றேன். இந்த மூன்று வருடத்தில் இதே பொய்யை எத்தனை பேரிடம் சொன்னாள் என்று கணக்கு இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லும்போது மட்டும் கொஞ்சம் உறுத்துமாம்.

அப்புறம் அவள் ஒரு முற்றிய காயைக் கிள்ளி, பிளேடால் பிளந்து, விதையை உள்ளங்கையில் வைத்து லென்ஸை நீட்டினாள். அந்த லென்ஸ் என்னுடையது. படிக்கும்போது ஒரு நாளைக்கு என்று இரவல் வாங்கிப்போனது. அதைச் சொல்லிக்காட்டிவிட்டுத்தான் வாங்கிப் பார்த்தேன். பச்சை முளையைச் சுற்றி இழைகள். சந்தேகமே இல்லை. முதல் செடியை எங்கே பிடித்தாய் என்று கேட்டேன்.

ஸ்டெல்லா விதையைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். நான் விடவில்லை. ஏரியிலா, குளத்திலா, யார் காட்டினார்கள் என்று துளைத்தேன்.

“நீதான்டி காட்டின,” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் போனை எடுத்துத் தேடி என் கையில் கொடுத்தாள். என்னுடைய பதிவுதான். நாலு வருடத்துக்கு முன்னால் கூத்தாநல்லூர்ப் பக்கம் ஒரு குளத்தில் கொட்டி பூத்ததைப் பற்றி எழுதியது. ‘எங்கும் கிடைக்கும் கொட்டிதான், ஆனாலும் கொள்ளை அழகு’ என்று ஆரம்பித்திருந்தேன். இந்த வலைப்பதிவில் அதிகம் பேர் படித்தது அந்தப் பதிவுதான். என் நடை அவ்வளவு நன்றாக இருந்தது என்றுதான் இத்தனை நாள் நம்பினேன்.

“பதினோராவது போட்டோவப் பெருசு பண்ணிப் பாரு,” என்றாள். பார்த்தேன். கதிருக்குக் கீழே, படத்தின் ஓரத்தில், ஒரு காய் வெடித்திருந்தது. விதையின் வாயில் மங்கலாக, தும்பு மாதிரி ஏதோ. நான் பூவை எடுத்திருந்தேன். காயைப் பிளந்து பார்க்கவில்லை. பூவைப் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள், காயைப் பிளந்துவிட்டு வாயைத் திறங்கள் என்று எங்கள் பேராசிரியர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். அதை நான்தான் ஸ்டெல்லாவுக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

மிச்சத்தை அவள் சுருக்கமாகச் சொன்னாள். பதிவு வந்து ஒன்பது நாள் கழித்துத்தான் அவள் அதைப் பார்த்தாளாம். மறுநாளே பேருந்து ஏறிப் போயிருக்கிறாள். நான்தான் அவ்வளவு துல்லியமாக வழி எழுதியிருந்தேனே, யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. போனபோது கரையோரம் முழுக்கத் தோண்டிக் கிடந்ததாம். அவளுக்கு முன்னால் வேறு யாரோ அந்தப் பதினோராவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள். படித்துறைக் கல் இடுக்கில் கை போக முடியாத இடத்தில் மட்டும் ஒன்பது கிழங்கு மிஞ்சியிருந்தது. சைக்கிள் கம்பி ஒன்றை வாங்கி, நெம்பி எடுத்து, ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். இந்தக் குட்டையில் நிற்பது முழுக்க அந்த ஒன்பதின் பிள்ளைகள்.

அந்த நேரத்தில் எனக்கு முதலில் தோன்றியதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்படியானால் கண்டுபிடித்தவள் நான்தானே என்று தோன்றியது. அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது.

ஏன்டி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

“சொன்னா நீ எழுதிருவ, கலை,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் வலித்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு விரால் குழம்பு வைத்திருந்தாள். ருசி நாக்கில் ஏறவில்லை. சாயங்காலம் அவளே பேச்சை மாற்றி, பழைய வகுப்புக் கதைகளைப் பேசினாள். நான் உம் கொட்டினேன்.

மறுநாள் ஞாயிறு. ஏழரைக்கு ஸ்டெல்லா கோவிலுக்குக் கிளம்பினாள். லுத்தரன் கோவில், வண்டியில் பத்து நிமிடம். கொல்லைக் கதவைத் திறந்தே வைத்துவிட்டு, காப்பி பிளாஸ்கில் இருக்கிறது, வர ஒன்பதரை ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனாள். என்னைக் குட்டையோடு தனியாக விட்டுப் போகிறாளே, நம்பிக்கையா, சோதனையா என்று எனக்கு விளங்கவில்லை.

எட்டு மணிக்கு நான் தண்ணீரில் இறங்கினேன். கையை முழங்கை வரை சேற்றில் விட்டு ஒரு செடியை அடியோடு தடவி எடுத்தேன். கிழங்கு கொட்டைப்பாக்கு அளவு இருந்தது. கழுவிப் பார்த்தேன். இது என் குளத்துச் செடி, நான் முதலில் பார்த்தது, ஒன்றை எடுத்துக்கொண்டால் தப்பே இல்லை என்று எனக்கு நானே வாதாடினேன். டிபன் பாக்ஸில் ஈரமண்ணோடு வைத்து மூடியும் விட்டேன். தஞ்சாவூரில் என் மொட்டை மாடியில் அல்லி வளர்த்த பழைய சிமென்ட் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் இது இலை விடும், பூக்கும். பூத்தால் படம் எடுப்பேன். படம் எடுத்தால் எழுதுவேன். இடம் எழுதாவிட்டாலும் என்னிடம் இருக்கிறது என்றாவது எழுதுவேன். அதை எழுதாமல் இருக்க என்னால் முடியாது என்பது அந்த டிபன் பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு நன்றாகவே தெரிந்தது. எடுத்த குழியிலேயே திரும்ப வைத்து, சேற்றை அமுக்கினேன்.

ஸ்டெல்லா வந்ததும் நேராகவே கேட்டேன். பழைய குளத்திலேயே நாலு கிழங்கைத் திரும்ப வைப்போம், நானே கொண்டுபோய் வைக்கிறேன் என்றேன். என் தப்பை நானே சரிசெய்ய வேண்டும் என்று நிஜமாகவே நினைத்தேன். அவள் கூடாது என்று தலையை ஆட்டினாள்.

“இப்ப வேணாம்டி. அங்க ஒண்ணுமே இல்லன்னு எல்லாரும் மறக்கணும். உன் பதிவு நிக்கிற வரைக்கும் யாரு மறப்பா?” என்றாள்.

போன இரவே அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. அதிகம் பேர் படித்த பதிவாயிற்றே என்று ஒரு மூலையில் மனசு இழுத்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

பத்தேகால் பேருந்தில் திருத்துறைப்பூண்டி. அங்கிருந்து 11.05-க்குத் திருவாரூர், 30 கிலோமீட்டர், 25 ரூபாய். அங்கே மன்னார்குடி பேருந்து பிடித்து, 16 கிலோமீட்டரில் கூத்தாநல்லூரில் இறங்கியபோது மணி 1.10. ஆட்டோவுக்கு 150 கேட்டார், 120-க்கு வந்தார். ஓட்டுநருக்குக் குளத்தைச் சொன்னதும், முன்னாடி எல்லாம் அங்க வெளியூர்க்காரங்க வருவாங்க, இப்ப யாரும் வர்றதில்லையே என்றார். முன்னாடி என்றால் எப்போது என்று கேட்டேன். நாலு வருடம் இருக்கும் என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

குளம் நிறைந்து கிடந்தது. அந்தப் படித்துறையும் அப்படியே இருந்தது. நான் படம் எடுத்த அதே மூன்றாம் படியில் நின்று பார்த்தேன். தண்ணீரும் வானமும்தான். ஒரு இலைகூட இல்லை. குளத்தை மீன் குத்தகைக்கு எடுத்திருக்கும் பாய் எதிர்க்கரையில் வலை காயப் போட்டுக்கொண்டிருந்தார். சுற்றிக்கொண்டு போய்ப் பேச்சுக் கொடுத்தேன்.

தண்ணீருக்குள் இருக்கும் செடிகளைப் புல்கெண்டை மேய்ந்துவிடும். எப்படியாவது அதன் மேல் பழி போய்விடாதா என்று எனக்கு ஒரு நப்பாசை. புல்கெண்டை விட்டிருக்கீங்களா என்று கேட்டேன். விட்டிருக்கிறாராம். ஆனால் போன வருடம்தான் விட்டாராம், அதற்கு வெகுநாள் முன்பே கொட்டி போய்விட்டதாம். ஒரு வேனில் மூன்று பேர் வந்தார்கள், போனில் படத்தையும் வழியையும் காட்டி இந்தக் குளம்தானே என்று கேட்டார்கள் என்றார்.

“குளத்துக் களதானே, எடுத்துக்கிட்டுப் போங்கன்னு நான்தான் சொன்னேன். ரெண்டு நாளு பறிச்சாங்க. அதுக்கப்புறமும் அப்பப்ப ஆளு வந்தாங்க,” என்றார். செலவில்லாமல் குளம் சுத்தமானதில் அவருக்கு அன்று சந்தோஷம். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒரு தகுதியும் இல்லை, படித்த நானே அதை எங்கும் கிடைக்கும் கொட்டி என்றுதான் எழுதினேன். நீங்களும் அதுக்குத்தான் வந்தீங்களா என்று கேட்டார். இல்லை பாய், சும்மா பார்க்க வந்தேன் என்றேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

பயணத் தகவல்கள் கேட்பவர்களுக்கு: இரண்டு நாளில் மொத்தச் செலவு ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து 468 ரூபாய். டெல்டாவில் நீர்ச்செடி பார்க்க மார்கழி, தை நல்ல மாதங்கள். குடை, மாற்றுத்துணி, ரப்பர் செருப்பு அவசியம். வயல் வரப்பில் நடக்கும் முன் வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், ஈர வரப்பு மிதிபட்டால் உடைந்துவிடும். அல்லி, குவளை, நீர்முள்ளி எல்லாக் குளத்திலும் உண்டு, ஆசை தீர எடுங்கள். பெயர் தெரியாத செடியைப் பார்த்தால் படத்தை நேராகத் தெரிந்தவர் ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள், ஊர் பெயரோடு பொதுவில் போடாதீர்கள். போனில் இடம் பதியும் வசதியை வீட்டிலேயே அணைத்துவிட்டுக் கிளம்புங்கள். கிழங்கை எடுக்காதீர்கள், திரும்ப வைத்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டும் எடுக்காதீர்கள். ஸ்டெல்லா வீட்டில் எடுத்த பத்துப் படங்களும் என்னிடம் இருக்கின்றன. இந்தப் பதிவில் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

கூத்தாநல்லூரிலிருந்து திரும்பும் பேருந்தில் அந்தப் பழைய பதிவைத் திறந்தேன். அழிக்கும் முன் கடைசியாக ஒரு தடவை கீழே இருந்த பின்னூட்டங்களைப் படித்தேன். ‘துல்லியமான வழி சொன்னதற்கு நன்றி.’ ‘மேப் அனுப்ப முடியுமா?’ கேட்ட ஐந்தாவது நிமிடம் மேப் அனுப்பியிருந்தேன், சிரிக்கும் முகம் ஒன்றையும் சேர்த்து. கடைசியில் அன்று காலைதான் யாரோ புதிதாகக் கேட்டிருந்தார்: ‘தோழி, பொங்கல் லீவில் குடும்பத்தோடு வரலாம் என்று இருக்கிறோம். கொட்டி இப்போதும் பூக்கிறதா?’

அங்கே ஒன்றும் இல்லை என்று பதில் எழுதினேன். அவர் படித்துவிட்டதாகப் பதில் போட்டதும் பதிவை அழித்தேன்.

வாய்க்கால் மேட்டில் சைக்கிள்காரரிடம் ஸ்டெல்லா சொன்னதும் இதே வார்த்தைகள்தான். அவள் சொன்னது பொய், நான் எழுதியது உண்மை. அந்தப் பூக்களின் மேல் இருந்த பொறாமைகூட மன்னார்குடி வருவதற்குள் கொஞ்சம் அடங்கிவிட்டது. அந்தப் பொய்யைச் சொல்ல அவளுக்கு ஒரு குட்டை இருக்கிறதே, அந்தப் பொறாமைதான் இதை எழுதும்போதும் அடங்கவில்லை.